தங்கக் கடற்கரை – 14: கவர்னர் கேட்ட ஆசனம்

சென்ற வாரம் அசாந்தே மன்னர் பிரெம்பேயை எல்மினா கோட்டையில் சிறைவைத்துவிட்டு நிறுத்தியிருந்தோம். 1896 ஜனவரி. கவர்னர் வில்லியம் மேக்ஸ்வெல் படையோடு குமாசிக்குள் நுழைந்தபோது அசாந்தேக்கள் ஒரு துப்பாக்கிகூடச் சுடவில்லை. மன்னரும் அவருடைய தாயார் யா அச்சியாவும் பெருங்கூட்டத்தின் நடுவே கவர்னரின் காலைத் தொட்டுப் பணிந்தார்கள். அதோடு விடவில்லை. 50,000 அவுன்ஸ் தங்கத்தை எடுத்து வை என்றார் மேக்ஸ்வெல். 1874 போரில் பிரிட்டிஷ் தளபதி உல்ஸ்லி குமாசியைக் கொளுத்திவிட்டுப் போகும்போது எழுதி வாங்கிய தண்டத்தொகை அது. இருபது ஆண்டுகளாக நிலுவையில் இருந்தது. ஒரேயடியாகத் தர முடியாது என்று பிரெம்பே சொன்ன மாத்திரத்தில் அவரும் தாயும் தந்தையும் தம்பியும் நெருங்கிய உறவினர்களும் கைதானார்கள். எல்மினாவில் ஓராண்டு வைத்திருந்து, பிறகு சியரா லியோனுக்கு அனுப்பினார்கள்.

மன்னர் போய்விட்டார், நாடு கைக்கு வந்துவிட்டது என்றுதான் அக்ராவில் இருந்த அதிகாரிகள் நினைத்தார்கள். குமாசியில் கல்லால் ஒரு கோட்டை கட்டினார்கள். நான்கு மூலையிலும் வட்டக் கொத்தளங்கள், அவற்றில் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கிகள். ரெசிடென்ட் என்ற பெயரில் ஒரு வெள்ளை அதிகாரி அமர்ந்து நாட்டாமை செய்தார். சாலை போடவும் சுமை தூக்கவும் ஊருக்கு இத்தனை ஆள் என்று பிடித்துக்கொண்டு போனார்கள். தெற்கே ஒபுவாசியில் 1897இல் தொடங்கிய அசாந்தே கோல்ட்ஃபீல்ட்ஸ் கம்பெனிக்கு 100 சதுர மைல் நிலம் 90 ஆண்டுக் குத்தகைக்குக் கிடைத்திருந்தது. சொந்த நிலத்தின் தங்கம் லண்டன் பங்குதாரர்களுக்குப் போய்க்கொண்டிருக்க, அதே தங்கத்தை அவுன்ஸ் கணக்கில் தண்டமாகவும் கட்டு என்றால் எந்தக் குடிமகன் பொறுப்பான்?

இந்தக் கட்டத்தில்தான் நம் கதாநாயகர் வருகிறார். வில்லன் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டு பட்டமும் அவருக்குக் கொஞ்சம் பெரிதாகவே படுகிறது.

ஃபிரெடெரிக் மிட்செல் ஹாட்ஜ்சன். 1851இல் பிறந்தவர். தபால்துறையில் எழுத்தராகத் தொடங்கி, பிரிட்டிஷ் கயானாவில் போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் ஆனவர். 1888இல் தங்கக் கடற்கரைக்குக் காலனிச் செயலாளராக வந்தார். பத்து ஆண்டுகள் அந்த நாற்காலியில் இருந்துவிட்டு 1898இல் கவர்னரானார். மனைவி மேரி ஆலிஸ், இதே தங்கக் கடற்கரையின் முன்னாள் கவர்னர் யங்கின் மகள். ஆக, மாமனார் ஆண்ட நாட்டை மருமகன் ஆளவந்தார். கோப்புகளைப் புரட்டுவதில் கெட்டிக்காரர், ஒழுங்கானவர், லஞ்சம் வாங்காதவர். லண்டன் காலனி அலுவலகத்துக்குப் பிடித்தமான வகை.

அவரைப் பற்றி எழுதும் பலர், பாவம், தெரியாமல் கேட்டுவிட்டார் என்கிறார்கள். எனக்கு அது உடன்பாடில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அந்த நாட்டில் இருந்தவரைப் புதிதாகக் கப்பலிலிருந்து இறங்கியவர் போல மன்னிக்க முடியுமா? என்ன கேட்டார் என்று பார்ப்பதற்கு முன், அவர் கேட்ட பொருளைப் பார்த்துவிடுவோம்.

அசாந்தேக்களின் வீட்டில் ஆசனம் என்பது வெறும் தட்டுமுட்டுச் சாமான் இல்லை. ஒரே மரத்துண்டில் கடைந்தெடுத்தது. கீழே தட்டையான அடிப்பலகை, நடுவே செதுக்கிய தூண், மேலே இருபுறமும் வளைந்து உயர்ந்த இருக்கை. ஒருவர் நாள்தோறும் அமரும் ஆசனத்தில் அவருடைய ஆன்மாவின் ஒரு பங்கு தங்கிவிடுகிறது என்பது நம்பிக்கை. அதனால் எழுந்து போகும்போது ஆசனத்தைப் பக்கவாட்டில் சாய்த்து வைப்பார்கள். வேறு எந்த ஆவியும் வந்து உட்கார்ந்துவிடக் கூடாது. தலைவர் ஒருவர் நல்ல பெயரோடு இறந்தால் அவருடைய ஆசனத்தைக் கருப்பாக்கி மூதாதையர் அறையில் சேர்ப்பார்கள். அதற்குப் பலியும் படையலும் உண்டு. தலைவரைப் பதவியில் ஏற்றுவதற்கு ஆசனம் ஏற்றுதல் என்றே பெயர். இறக்குவதும் அப்படியே.

இத்தனை ஆசனங்களுக்கும் மேலே ஒன்று. பெயர் சிகா துவா கோஃபி, வெள்ளிக்கிழமை பிறந்த பொன்னாசனம். 1700ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஒசெய் டூட்டு சிதறிக்கிடந்த அசாந்தே நகரங்களை ஒன்றாகக் கட்டியபோது, அவருடைய குருவும் பூசாரியுமான ஒகொம்ஃபோ அனொச்சே வானத்திலிருந்து அதை வரவழைத்தார் என்பது மரபுக்கதை. கருமேகம் சூழ, இடி முழங்க, ஆசனம் மெதுவாக இறங்கி ஒசெய் டூட்டுவின் மடியில் அமர்ந்ததாம். அசாந்தே மக்கள் அனைவரின் உயிரும் அதற்குள் இருக்கிறது, அது போனால் இனமே போய்விடும் என்று அனொச்சே சொல்லிவைத்தார். கதையை நம்ப வேண்டியதில்லை. ஒருவர்மீது ஒருவர் படையெடுத்துக்கொண்டிருந்த நகரத் தலைவர்களை இருநூறு ஆண்டுகள் ஒரே கொடியின் கீழ் நிற்கவைத்தது அந்தக் கதைதான் என்பதை மட்டும் நம்பினால் போதும்.

அந்த ஆசனத்தில் யாரும் அமர்வதில்லை. மன்னர்கூட அமரக் கூடாது. முடிசூட்டும்போது மன்னரைக் கைத்தாங்கலாகப் பிடித்து ஆசனத்தின் மேல் மூன்றுமுறை தாழ்த்தி உயர்த்துவார்கள். உடல் அதில் படாது. ஆசனம் வெறுந்தரையைத் தொடக் கூடாது. ஊர்வலத்தில் அதற்கென்று தனிக் குடை. அமர்த்திவைக்க அதற்கென்று தனி நாற்காலி. அதன் ஓரங்களில் மணிகள் தொங்கும். தோற்ற பகைவர்களின் தங்க உருவங்களும் தொங்கும். அவற்றில் இரண்டு உருவங்களுக்கு ஒரு முன்கதை உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கியாமன் நாட்டு மன்னர் அடிங்க்ரா, தனக்கும் ஒரு பொன்னாசனம் செய்து வைத்துக்கொண்டார். செய்தி குமாசிக்கு எட்டியது. மன்னர் ஒசெய் பொன்சு படை திரட்டிப் போய் அடிங்க்ராவின் தலையை எடுத்தார். போலி ஆசனத்தை உருக்கி இரண்டு முகவுருக்கள் வார்த்து உண்மையான ஆசனத்தில் கட்டிவிட்டார்.

நகல் செய்தவருக்கே இந்தக் கதி. அசலைக் கேட்டவர் என்ன ஆவார்?

பிரெம்பே 1896இல் சண்டையில்லாமல் பணிந்ததற்கும் இதில் காரணம் இருக்கிறது. ஐந்தாண்டு உள்நாட்டுச் சண்டையில் நாடு ஏற்கெனவே இளைத்திருந்தது. இன்னொரு போர் வந்தால் தலைநகர் மறுபடி எரியும், ஆசனமும் பறிபோகலாம். தன்னை எடுத்துக்கொள்ளட்டும், ஆசனம் இருக்கட்டும் என்று முடிவெடுத்தார். மேக்ஸ்வெல்லின் ஆட்கள் அரண்மனையைக் குடைந்தார்கள். பந்தாமாவில் இருந்த அரச கல்லறைக் கோயிலைத் தீக்கிரையாக்கினார்கள். பின்னாளில் சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் அந்தப் படையில் ஒரு பிரிவின் தலைவராக இருந்தார். ஆசனம் மட்டும் கிடைக்கவில்லை. காட்டுக்குள் எங்கோ போய்விட்டது.

ஹாட்ஜ்சனுக்கு அது உறுத்தலாகவே இருந்தது. ஆசனம் வெளியே இருக்கும்வரை எவரேனும் ஒருவரை அதன்மேல் தாழ்த்தி உயர்த்தி, இவரே மன்னர் என்று அறிவித்துவிட முடியும். அப்படி நடந்தால் ரெசிடென்டின் நாட்டாமைக்கு மதிப்பேது? இந்தக் கணக்கு அவருக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. அதனால்தான் குமாசிக்குத் தானே போவதற்கு முன்பாகவே, ஆசனம் இருக்குமிடம் தெரியும் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒரு பையனை நம்பி, தன் அந்தரங்கச் செயலாளர் ஆர்மிட்டேஜை ரகசியமாகத் தேட அனுப்பினார். காரியம் பலிக்கவில்லை. திருட்டுத்தனமாகத் தேடிப் பார்த்து, கிடைக்காமல், பிறகு வெளிப்படையாகக் கேட்டவரை அப்பாவி என்று நான் எழுதமாட்டேன். ஆசனத்தின் அரசியல் பயன் அவருக்குத் தெரியும். அதன் புனிதம் மட்டும் ஒரு பொருட்டாகப் படவில்லை.

1900 மார்ச் 25. கவர்னரும் மனைவியும் குமாசி வந்து சேர்ந்தார்கள். பாசல் மிஷன் பள்ளிப் பிள்ளைகள் வரவேற்புப் பாட்டுப் பாடினார்கள். மிஷனின் தலைவர் ராம்செயர் சுவிஸ்காரர். 1869இல் அசாந்தேக்களிடம் மனைவியோடு சிறைப்பட்டு, ஐந்தாண்டு கைதியாக இருந்து, விடுதலையாகி, மறுபடி அதே குமாசிக்கே போதகராகத் திரும்பி வந்தவர். காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்று அங்கிருந்த வெள்ளையரில் ஓரளவேனும் அறிந்தவர் அவர்தான்.

மார்ச் 28 அன்று கோட்டை வாசலில் சபை கூடியது. நகரத் தலைவர்கள் அவரவர் குடையின் கீழ் அமர்ந்திருந்தார்கள். பிரெம்பே திரும்பி வருவார் என்று கவர்னர் வாயிலிருந்து ஒரு சொல் வராதா என்பதே அவர்களின் எதிர்பார்ப்பு. ஹாட்ஜ்சன் முதல் வேலையாக அந்தக் கதவைச் சாத்தினார். பிரெம்பே வரமாட்டார், அவரிடம் இருந்த அதிகாரம் இனி ரெசிடென்டிடம். அடுத்து பணம். 1874 தண்டத்தொகை இன்னும் பாக்கி. அசலை இப்போது கேட்கவில்லை, ஆண்டுதோறும் வட்டி கட்டுங்கள். மூன்றாவதாக ஆசனம். பொன்னாசனம் எங்கே, இந்த நாட்டின் தலைமை அதிகாரத்துக்குப் பிரதிநிதியான என்னை ஏன் இந்தச் சாதாரண நாற்காலியில் உட்காரவைத்தீர்கள், நான் வரும் நாளில் அதைக் கொண்டுவந்து என்னை அதில் அமரச் செய்திருக்க வேண்டாமா என்று கேட்டார்.

மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வாக்கியமாகச் சொல்லி முடித்தார். தலைவர்கள் பதில் பேசவில்லை. சபை கலைந்தது. கூச்சல் இல்லாததைக் கவர்னர் நல்ல சகுனம் என்று எடுத்துக்கொண்டார்.

அன்றிரவு தலைவர்கள் ரகசியமாகக் கூடினார்கள். அங்கே பேசியவற்றை யாரும் எழுதிவைக்கவில்லை. அசாந்தேக்கள் வாய்மொழியாகச் சொல்லிவருவது இது: சிலர் மன்னிப்புக் கேட்டு பிரெம்பேயை மீட்கலாம் என்றார்கள், சிலர் தயங்கினார்கள். எஜிசு நகரின் அரசித்தாய் யா அசாந்தேவா எழுந்தார். அறுபது வயதையொட்டியவர். எஜிசு தலைவராக இருந்த அவருடைய பேரனும் பிரெம்பேயோடு நாடுகடத்தப்பட்டிருந்தார். பேரனின் பொறுப்பையும் பாட்டியே சுமந்துகொண்டிருந்தார். ஒசெய் டூட்டுவின் காலமாக இருந்தால் மன்னரைக் கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களா, ஆண்கள் வரமாட்டீர்கள் என்றால் பெண்கள் நாங்கள் போகிறோம் என்று அவர் சொன்னதாகக் கதை. அசாந்தே சமூகத்தில் வாரிசுரிமை தாய்வழி. மன்னராக யாரை முன்மொழிவது என்பதும் அரசித்தாயின் உரிமை. ஆகவே ஒரு மூதாட்டி எழுந்து ஆண்களை அதட்டியது அங்கே அதிசயமான காரியம் ஆகாது. போருக்குத் தலைமை ஏற்றதுதான் புதிது.

கவர்னரோ இரண்டு மூன்று நாளில் ஆர்மிட்டேஜையும் இன்னோர் அதிகாரியையும் ஒரு சிறு படையோடு அனுப்பினார். பாரே என்ற ஊர்ப்பக்கம் ஆசனம் புதைந்திருக்கிறது என்று தகவல். தோண்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. திரும்பும் வழியில் அசாந்தேக்கள் புதருக்குள்ளிருந்து சுட்டார்கள். யா அசாந்தேவா போர் என்று வரலாறு குறிக்கும் போரின் முதல் குண்டுகள் அவை.

ஏப்ரல் கடைசியில் குமாசியை வளைத்துவிட்டார்கள். தந்திக் கம்பி அறுபட்டது. ஊரைவிட்டு வெளியேறும் ஒவ்வொரு பாதையிலும் பருத்த மரத்தடிகளை அடுக்கி ஆளுயர அரண் எழுப்பினார்கள். சிறுபீரங்கிகளின் குண்டு அதில் பட்டு விழுந்தது. லாகோஸிலிருந்தும் வடக்கிலிருந்தும் இரண்டு உதவிப்படைகள் சண்டையிட்டுக்கொண்டே உள்ளே வந்து சேர்ந்தன. வந்தவர்கள் சாப்பாட்டுக்குப் பங்காளிகள் ஆனார்கள்; முற்றுகை நீங்கியபாடில்லை. கோட்டைக்குள் இடம் கொஞ்சம். மிஷனைச் சேர்ந்தவர்களும் ஃபாந்தி, ஹௌசா வணிகர்களுமாக ஆயிரக்கணக்கானோர் மதிலுக்கு வெளியே திறந்த வெளியில் மழையில் கிடந்தார்கள். பசியிலும் அம்மையிலும் தினமும் செத்தார்கள். கவர்னர் கேட்ட ஒரு கேள்விக்கு விலை கொடுத்தவர்களில் அதிகம் பேர் அவர்கள். ஹாட்ஜ்சன் சீமாட்டி பின்னர் குமாசி முற்றுகை பற்றி ஒரு புத்தகம் எழுதி 1901இல் வெளியிட்டார்.

அசாந்தேக்கள் அனைவரும் ஒரே அணியில் நின்றார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். மாம்போங், ஜுவாபென், குமாவு தலைவர்கள் கவர்னரோடு கோட்டைக்குள் இருந்தார்கள். தெற்கே பெக்வாய் பிரிட்டிஷார் பக்கம் சாய்ந்தது. பழைய உள்நாட்டுச் சண்டையின் கசப்பு ஆறவில்லை. இந்தப் பிளவு இல்லாவிட்டால் ஹாட்ஜ்சன் உயிரோடு திரும்பியிருப்பாரா என்பது ஐயமே.

ஜூன் 23 விடியற்காலை. பனிமூட்டம். கோட்டையில் கேப்டன் பிஷப், ரால்ஃப், டாக்டர் ஹே ஆகிய மூவரையும் சுமார் 100 ஹௌசா வீரர்களையும் மூன்று வாரம் சொச்சத்துக்கான உணவோடு விட்டுவிட்டு, கவர்னர், மனைவி, ராம்செயர் தம்பதி, அறுநூறு வீரர்கள், சுமைதூக்கிகள் எல்லாரும் மேற்குப் பாதையில் வெளியேறினார்கள். அந்தப் பாதையின் அரண் மற்றவற்றைவிடக் காவல் குறைந்தது. உடைத்துக்கொண்டு போனார்கள். சேறு, சதுப்பு, வழியெங்கும் துரத்தல். பட்டினியில் மெலிந்திருந்த சுமைதூக்கிகள் வரிசை வரிசையாக வழியில் விழுந்தார்கள். ஜூலை இரண்டாம் வாரம் கவர்னர் கடற்கரையைத் தொட்டார்.

அந்நேரம் பிரிட்டிஷ் வெள்ளைப் படை தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இங்கே அனுப்ப ஆளில்லை. கர்னல் ஜேம்ஸ் வில்காக்ஸ் நைஜீரியாவிலிருந்தும் மத்திய ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆப்பிரிக்க வீரர்களைத் திரட்டினார். அவர்களோடு சீக்கியச் சிப்பாய்களும் வந்தார்கள். ஜூலை 15 மாலை வில்காக்ஸ் குமாசி கோட்டைக்குள் நுழைந்தபோது, காவலுக்கு விடப்பட்டவர்களில் எழுந்து நிற்கக்கூடிய நிலையில் இருந்தவர்கள் மிகச் சிலரே. செப்டம்பர் 30 அன்று ஒபாசாவில் கடைசிப் பெரிய சண்டை. மறு ஆண்டு யா அசாந்தேவா பிடிபட்டார். இந்தியப் பெருங்கடலில் உள்ள செஷல்ஸ் தீவுகளுக்கு அனுப்பினார்கள். போர் மூண்டதும் பிரெம்பேயையும் சியரா லியோனிலிருந்து அங்கேதான் மாற்றியிருந்தார்கள். 1902 ஜனவரி 1 முதல் அசாந்தே நாடு பிரிட்டிஷ் முடியின் சொத்து என்று அறிவிக்கப்பட்டது.

ஆசனமோ? கிடைக்கவில்லை.

ஹாட்ஜ்சன்மேல் விசாரணை, தண்டனை எதுவும் வரவில்லை. காலனி அமைச்சர் ஜோசப் சேம்பர்லேன் அவருக்குப் பரிந்து பேசினார். 1900ஆம் ஆண்டே பார்படோஸ் தீவுக்கு கவர்னராக மாற்றல். 1904இல் பிரிட்டிஷ் கயானா. அங்கே 1905இல் ஜார்ஜ்டவுன் துறைமுகத் தொழிலாளர்கள் கூலி உயர்வு கேட்டுக் கிளர்ந்தபோது துப்பாக்கிச் சூடு நடந்தது; அப்போதும் கவர்னர் அவரே. ஓரிடத்தில் தீ வைத்தவரை இன்னோர் இடத்துக்கு மாற்றுவது அன்றைய காலனி அலுவலகத்தின் நிர்வாக முறை. அந்த அலுவலகத்தின் கண்ணில் தீ வைத்தது குற்றமில்லை, கோப்பைச் சரியாக எழுதாததே குற்றம்.

ஆசனம் தானாக வெளிவந்தது 1920இல். குமாசிக்கு அருகே சாலை போட்டுக்கொண்டிருந்த தொழிலாளர்களின் மண்வெட்டி அதன் மறைவிடத்தைத் தொட்டுவிட்டது. காவலர்கள் அதை வேறிடத்துக்கு மாற்றினார்கள். பிறகு அசாந்தேக்களிலேயே சிலர் அதன் தங்க அணிகலன்களைக் கழற்றி விற்கப்போய் அகப்பட்டுக்கொண்டார்கள். ஊர் கொந்தளித்தது, துக்கம் காத்தார்கள், குற்றவாளிகளுக்கு மரணதண்டனை என்று தலைவர்கள் சபை தீர்ப்பளித்தது. அரசு அதை நாடுகடத்தலாகக் குறைத்தது. இம்முறை கவர்னர் கார்டன் குகிஸ்பெர்க். அவரிடம் ராட்ரே என்ற மானிடவியல் அதிகாரி இருந்தார். அசாந்தே மூதாட்டிகளின் அருகில் உட்கார்ந்து ஆசனத்தின் பொருளைக் கேட்டு எழுதியவர் அவர். அவருடைய ஆலோசனையின்படி, பொன்னாசனத்தில் அரசு கைவைக்காது, அது உங்களுடையது என்று அறிவித்தார்கள். அசாந்தே அரசித்தாயர்கள் மகிழ்ந்து, 1922இல் பிரிட்டிஷ் இளவரசி மேரியின் திருமணத்துக்கு ஒரு வெள்ளி ஆசனம் பரிசாக அனுப்பினார்கள்.

ஹாட்ஜ்சனுக்கும் அந்த மூதாட்டிகள் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார்கள். பன்னிரண்டு ஆண்டுகளில் ஒருநாள் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

யா அசாந்தேவா 1921இல் செஷல்ஸிலேயே இறந்தார். பிரெம்பே 1924இல், இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு, மன்னர் என்ற பட்டம் இல்லாமல் சாதாரணக் குடிமகனாகக் குமாசி திரும்பினார். ஹாட்ஜ்சன் அதற்கு அடுத்த ஆண்டு இறந்தார். பிரெம்பேயைத் திருப்பிக் கொண்டுவந்த, டாக்கொராடியில் துறைமுகமும் அச்சிமோட்டாவில் கல்லூரியும் கட்டிய குகிஸ்பெர்க், நாம் இதுவரை பார்த்த கவர்னர்களில் வேறு ரகம். அவர் கனடாவில் பிறந்த ஒரு நில அளவையாளர். அவரை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)